உள்ளே வரவிட்டது நான்தானே, இனி என்ன சொல்ல முடியும்?

தலவாக்கலைப் பக்கத்துத் தோட்டமொன்றின் புதிய தனிவீட்டுத் திட்டத்தில் வசிக்கும் சகோதரி ஒருவர் நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். அவர் முன்பள்ளி ஆசிரியை. கணவர் கட்டாரில் வேலை செய்கிறார். வீட்டில் 13 வயது மகளும், காது சரியாகக் கேட்காத மாமியும் மாத்திரமே இருக்கிறார்கள். கடந்த மாதம் பிரிட்ஜ் பழுதடைந்தபோது, டவுனில் முச்சக்கர வண்டித் தரிப்பிடத்துச் சுவரில் ஒட்டியிருந்த விளம்பரத்தைப் பார்த்து ஒரு திருத்துநரை அழைத்திருக்கிறார். வந்தவர் கொம்பிரசர் போய்விட்டது என்று கூறி, அதைக் கழற்றிக்கொண்டு, 15,000 ரூபா முற்பணமும் பெற்றுச் சென்றிருக்கிறார். பற்றுச்சீட்டு கொடுக்கவில்லை.

சகோதரியை வருத்துவது பணம் மட்டுமல்ல. கணவர் எப்போது லீவில் வருவார், வீட்டில் வேறு ஆண்கள் உண்டா, மகள் எந்தப் பாடசாலை என்றெல்லாம் அந்த மனிதர் கேட்டிருக்கிறார். பிளக்கைப் பார்க்க வேண்டும் என்று சொல்லி மகளின் அறைக்குள் போயிருக்கிறார். வேலை முடிந்த பின்னரும் தேநீர் கேட்டு அமர்ந்தவர், “நேரமாகிவிட்டது” என்று சொல்லியும் சிரித்தபடி எழுந்திருக்கவில்லை. அன்றிலிருந்து இரவு பத்து மணிக்குப் பிறகு வட்ஸ்அப்பில் செய்திகள் வருகின்றன. வரும் ஞாயிற்றுக்கிழமை கொம்பிரசரைப் பொருத்த வருவதாகவும் சொல்லியிருக்கிறார். “உள்ளே வரவிட்டது நான்தானே, பில்லும் இல்லை, இனி என்ன சொல்ல முடியும்? அடுத்த தடவை ஒருவரைக் கூப்பிடவே பயமாக இருக்கிறது” என்று கடிதம் முடிகிறது.

அன்புச் சகோதரிக்கு,

உங்கள் கடைசி வரியிலிருந்தே தொடங்குகிறேன், ஏனெனில் உங்கள் பயம் முழுவதும் அதில்தான் கட்டுண்டு கிடக்கிறது. ஒருவரை வீட்டுக்குள் வர அனுமதித்தால், அதற்குப் பிறகு நடப்பது எல்லாவற்றுக்கும் நாமே பொறுப்பு என்று எங்கள் பெண்கள் பலர் நம்புகிறார்கள். சட்டம் அப்படிச் சொல்லவில்லை. நீங்கள் கொடுத்த அனுமதி ஒரு வேலைக்கானது. அந்த வேலை நடக்கும் இடத்துக்கும் அது முடியும் நேரத்துக்கும் உட்பட்டது. எந்தக் கணத்திலும் நீங்கள் திரும்பப் பெறக்கூடியது. எங்கள் தண்டனைச் சட்டக்கோவையின் 427ஆம் பிரிவு அத்துமீறலுக்கு வரைவிலக்கணம் கூறும்போது, கெட்ட நோக்கத்துடன் நுழைவதை மட்டும் குறிப்பிடவில்லை. சட்டப்படி உள்ளே வந்த ஒருவர், அங்கு வசிப்பவரை அச்சுறுத்தும், அவமதிக்கும் அல்லது தொல்லைப்படுத்தும் எண்ணத்துடன் சட்டவிரோதமாகத் தங்கியிருந்தாலும் அது அத்துமீறலே என்று அப்பிரிவு சொல்கிறது. அன்று மாலை அவர் எழுந்திருக்காமல் இருந்ததை வைத்து மட்டும் வழக்கில் வெல்லலாம் என்று நான் உறுதி கூற மாட்டேன், ஏனெனில் எண்ணத்தை நிரூபிப்பது எளிதல்ல. ஆனால் “போய்விட்டு வாருங்கள்” என்று சொல்லும் உரிமை உங்களிடமே இருந்தது, இப்போதும் இருக்கிறது.

நடந்ததை நீங்கள் மிகைப்படுத்துகிறீர்களா என்றும் கேட்டிருக்கிறீர்கள். இல்லை. நாளைக்கு வீட்டில் யார் இருப்பார்கள் என்று கேட்பது திருத்த வேலையில் இயல்பு. கணவரின் லீவும் மகளின் பாடசாலையும் அவருக்குத் தேவையற்ற விபரங்கள். சமையலறைப் பிரிட்ஜுக்கு மின்சாரம் வருகிறதா என்று பார்க்க, அது செருகப்பட்டிருக்கும் பிளக்கையும், மிஞ்சினால் ட்ரிப் சுவிச் இருக்கும் பெட்டியையும் பார்த்தால் போதும். படுக்கையறைப் பிளக்கில் அவருக்கு எந்த வேலையும் இல்லை. அந்த இடத்தில் உங்கள் மனம் உறுத்தியது சரியான காரணத்துக்காகத்தான்.

ஞாயிற்றுக்கிழமை என்ன செய்வது

உங்கள் முன் இருக்கும் வழிகளில் முதலாவது, அக்கம்பக்கத்தவர் இருவரை வீட்டில் வைத்துக்கொண்டு அவரையே வேலையை முடிக்க விடுவது. இதில் பணம் மிஞ்சும், பிரிட்ஜும் ஓடும். ஆனால் அவர் உங்கள் வீட்டின் அமைப்பை இரண்டாவது முறை பார்ப்பார். பழுது மீண்டும் வந்தால் மூன்றாவது முறையும் வருவார். இரண்டாவது வழி, வேலையை நிறுத்தி, கொம்பிரசரை டவுனில் ஓர் இடத்தில் ஒப்படைக்கச் சொல்லி, வேறொருவரைக் கொண்டு பொருத்துவது. இதில் முற்பணத்தின் ஒரு பகுதி போகலாம், ஏனெனில் அவர் உண்மையாகவே செய்த வேலைக்குக் கூலி கேட்க இடமுண்டு. மூன்றாவது, எல்லாவற்றையும் விட்டுவிடுவது.

நான் இரண்டாவதையே சொல்வேன். பணத்தில் சிறு இழப்பு வந்தாலும், அந்த மனிதர் மறுபடியும் உங்கள் வாசற்படியைத் தாண்டக் கூடாது. மூன்றாவதைத் தேர்ந்தெடுக்காதீர்கள், கொம்பிரசர் உங்கள் சொத்து. இன்றே ஒரே ஒரு செய்தி அனுப்புங்கள். கோபமோ விளக்கமோ வேண்டாம்: “பிரிட்ஜ் வேலையை உங்களிடம் தொடர விரும்பவில்லை. எங்கள் கொம்பிரசரை வரும் வெள்ளிக்கிழமைக்குள் டவுனில் ஒப்படைக்கவும். என் உறவினர் வந்து பெற்றுக்கொள்வார். இதுவரை செய்த வேலைக்கான கணக்கை எழுதி அனுப்பி, மிகுதி முற்பணத்தைத் திருப்பித் தரவும். வீட்டுக்கு வர வேண்டாம். வேறு எந்தச் செய்தியும் அனுப்ப வேண்டாம்.” இந்த ஆறு வசனங்களும் பின்னர் உங்களுக்குப் பெரிய சான்றாக நிற்கும். அதற்குப் பிறகும் அவர் ஞாயிற்றுக்கிழமை வந்து நின்றால், கதவைத் திறக்காமல் ஜன்னல் வழியாக ஒரு தடவை “போங்கள்” என்று சொல்லிவிட்டு 119ஐ அழையுங்கள். அன்று காலையிலிருந்தே அடுத்த வீட்டார் ஒருவருக்கு விடயம் தெரிந்திருக்கட்டும்.

ஒரு சிறு குறிப்பு. கொம்பிரசரைக் கழற்றிய பின் குழாய்களின் வாய் திறந்தே கிடந்தால் காற்றின் ஈரம் உள்ளே போய்விடும். எங்கள் பகுதிப் பனிக்கு அது கூடுதலாகவே நடக்கும். இப்போதே வாய்களை நாடாவால் இறுக்கி மூடுங்கள். புதிதாக வருபவரிடம் ட்ரையரையும், அதாவது குழாயினுள் ஈரத்தை உறிஞ்சும் வடிகட்டியையும், மாற்றச் சொல்லுங்கள். கொம்பிரசர் உண்மையிலேயே பழுதா என்று அவரையே சோதித்துப் பார்க்கவும் சொல்லுங்கள்.

பில் இல்லாததால் உரிமை போய்விடுமா

போகாது. எங்கள் நாட்டில் வாய்மொழி ஒப்பந்தமும் ஒப்பந்தமே. வாய்மொழி ஒப்பந்தத்தின் மீது வழக்கிட 3 ஆண்டுக் கால அவகாசமும் உண்டு. உங்களிடம் சான்று இல்லை என்று எண்ணுகிறீர்கள்; உண்மையில் நிறைய இருக்கிறது. அவரை அழைத்த அழைப்புப் பதிவு, “ஞாயிறு கொண்டு வருகிறேன்” என்று அவரே எழுதிய செய்தி, பணம் எடுத்த வங்கிச் சீட்டு, கொம்பிரசரைச் சாக்கில் சுற்றித் தூக்கிப் போனதைக் கண்ட அடுத்த வீட்டு அக்கா, பின்பக்கம் வெறுமையாக இருக்கும் பிரிட்ஜின் புகைப்படம் ஆகிய அனைத்தும் சான்றுகளே.

2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டத்தின்படி, பணம் பெற்றுச் சேவை வழங்குபவர் அதை உரிய கவனத்துடனும் திறமையுடனும் செய்வார் என்பதும், அவர் போடும் பாகங்கள் நோக்கத்துக்குப் பொருத்தமாக இருக்கும் என்பதும் சொல்லாமலே அடங்கிய உத்தரவாதங்கள். முறைப்பாட்டை எழுத்தில், சேவை வழங்கப்பட்டதிலிருந்து 3 மாதங்களுக்குள் கொடுக்க வேண்டும். நீங்கள் இன்னும் அந்தக் காலத்துக்குள்ளேயே இருக்கிறீர்கள், ஆகவே தள்ளிப் போடாதீர்கள். அதிகார சபையின் இலக்கம் 1977.

பணப் பிணக்கை மட்டும் தீர்க்க மத்தியஸ்த சபையும் நல்ல இடம். பெரும்பாலும் வார இறுதியில் பாடசாலைக் கட்டடங்களில் கூடும். அங்கு சட்டத்தரணிகள் ஆஜராவதில்லை, ஆகவே செலவும் இல்லை. அவர் கொம்பிரசரைத் திருப்பித் தர மறுத்தாலோ விற்றுவிட்டாலோ, தண்டனைச் சட்டக்கோவையின் 388ஆம் பிரிவு கூறும் நம்பிக்கை மோசடி என்ற கேள்வி எழும். வெறும் தாமதம் குற்றமாகாது என்பதையும் நினைவில் வையுங்கள். நான்கு வாரத் தாமதத்தை மட்டும் சொல்லிப் பொலிசுக்குப் போனால், “இது சிவில் விடயம்” என்று திருப்பி அனுப்புவார்கள், அதில் தவறும் இல்லை.

இரவுச் செய்திகள்

இது பணத்திலிருந்து முற்றிலும் வேறான விடயம். இரண்டையும் ஒன்றாகக் கட்டி எவரும் சமரசம் பேச இடம் கொடுக்காதீர்கள். தோட்டத்தில் ஒரு பிரச்சினை என்றால் தொழிற்சங்கத் தலைவரிடம் போவது எங்கள் வழக்கம். பல விடயங்களில் தலைவர்மார் நியாயமாகவே தீர்த்தும் வைக்கிறார்கள். ஆனால் பெண்ணுக்குக் கொடுத்த தொல்லையை, “கொம்பிரசரைத் தந்துவிட்டார், மன்னிப்பும் கேட்டுவிட்டார், விட்டுவிடுவோம்” என்று முடித்துவைக்கும் கூட்டத்தில் நீங்கள் போய் உட்கார வேண்டிய கட்டாயம் எதுவும் இல்லை.

தண்டனைச் சட்டக்கோவையின் 345ஆம் பிரிவு, 1995ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பின், தொட்டால்தான் குற்றம் என்ற நிலையிலிருந்து வெகுதூரம் வந்துவிட்டது. சொல்லாலோ செயலாலோ ஒருவருக்குப் பாலியல் ரீதியான தொல்லை கொடுப்பதும் குற்றம். 5 ஆண்டு வரை சிறைத்தண்டனை விதிக்கலாம், நட்டஈடும் கட்டளையிடலாம். நீங்கள் அனுப்பிய பிரதிகளை ஒழுங்காகப் படித்தேன். “சாப்பிட்டீர்களா” என்ற முதற்செய்தியை மட்டும் வைத்து எவரையும் குற்றவாளி என்று கூற முடியாது. “தனியாகத் தூங்கப் பயமில்லையா, நான் வரட்டுமா” என்ற செய்தியும், நீங்கள் பதில் எழுதாத பின்பும் தொடர்ந்து வந்தவையும் வேறு தரத்தவை. “அனுப்ப வேண்டாம்” என்று நீங்கள் எழுதிய பின்னும் வருமானால் உங்கள் நிலை மேலும் வலுப்பெறும்.

வெட்கத்தில் இரண்டு செய்திகளை அழித்துவிட்டதாக எழுதியிருக்கிறீர்கள். இனி எதையும் அழிக்காதீர்கள். இலக்கமும் திகதியும் நேரமும் தெரியும்படி ஸ்கிரீன்ஷொட் எடுத்து, நம்பிக்கையான ஒருவருக்கு அனுப்பி வையுங்கள்; அதன் பின்னர் இலக்கத்தைத் தடை செய்யலாம். மகளிடமும் பேசுங்கள். அவர் அவளுடைய இலக்கத்தைக் கேட்டாரா, பாடசாலை வழியில் எங்காவது நின்றாரா என்று பயமுறுத்தாமல் கேளுங்கள். அப்படி ஏதாவது இருந்தால், சிறுவர் பாதுகாப்புக்கான 1929ஐ அன்றே அழைக்க வேண்டும்.

பொலிஸ் நிலையத்தில்

“சிங்களத்தில் எழுதுவார்கள், எனக்கு விளங்காது” என்ற தயக்கம் நியாயமானது. ஆனால் அது உங்களைத் தடுக்கக் கூடாது. 1987ஆம் ஆண்டின் 13ஆவது திருத்தத்தோடு தமிழும் அரச கரும மொழியாயிற்று; மறு ஆண்டு 16ஆவது திருத்தம் அந்த மொழி உரிமைகளை மேலும் விரித்தது. தமிழில் முறைப்பாடு செய்யக் கேளுங்கள். பதிவு செய்தவர் வேறு மொழியில் எழுதினால், அதைத் தமிழில் வாசித்துக் காட்டும்வரை கையொப்பமிடாதீர்கள். நடந்தவற்றைத் திகதி வாரியாக ஒரு தாளில் தமிழில் எழுதிக் கொண்டுபோனால், பதற்றத்தில் எதுவும் விடுபடாது.

சிறுவர் மற்றும் மகளிர் பிரிவில் பெண் உத்தியோகத்தரிடம் சொல்ல விரும்புவதாகக் கேளுங்கள். கூட ஒருவரை அழைத்துச் செல்லலாம். வெளியே வரும் முன், எந்தப் பதிவேட்டில், எந்தப் பக்கத்தில், எந்த எண்ணில் பதிந்தார்கள் என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். பின்னாளில் எந்த அலுவலகத்துக்குப் போனாலும் முதலில் கேட்பது அதைத்தான். கணவர் நாட்டில் இல்லை என்பது ஒரு தடையே அல்ல, பாதிக்கப்பட்டவர் நீங்கள். முறைப்பாட்டின் பின் அந்தத் திருத்துநர் மிரட்டினால் அது தனியான குற்றம். பாதிக்கப்பட்டோரையும் சாட்சிகளையும் பாதுகாக்க 2023ஆம் ஆண்டின் 10ஆம் இலக்கச் சட்டம் இருக்கிறது. நிலையத்துக்குப் போகுமுன் யாரிடமாவது பேச வேண்டும் போலிருந்தால் பெண்களுக்கான 1938 இலக்கமும், சிறுவர், மகளிர் பொலிஸ் பணியகத்தின் 109 இலக்கமும் உள்ளன. சட்டத்தரணிக்குக் கட்டணம் செலுத்த வசதி இல்லையென்றால் சட்ட உதவி ஆணைக்குழுவை நாடுங்கள்.

உங்களுக்குக் கிடைத்த மூன்று யோசனைகள்

அடுத்த தடவை வருபவரின் அடையாள அட்டையை வாங்கி வைத்துக்கொள்ளும்படி ஒருவர் சொல்லியிருக்கிறார். வேண்டாம். அட்டை அவருடையது, அதைப் பிடித்து வைத்தால் தகராறு உங்கள் பக்கம் திரும்பும். பெயரையும் இலக்கத்தையும் பார்த்து எழுதிவிட்டு அப்போதே திருப்பிக் கொடுங்கள். காட்ட மறுப்பவருக்குக் கதவைத் திறக்க வேண்டியதில்லை.

முகநூலில் அவருடைய படத்தைப் போடச் சொன்ன தோழியின் கோபம் எனக்குப் புரிகிறது. ஆனால் நிரூபிக்க முடியாத ஒரு சொல் அதில் இருந்தாலும் மானநஷ்ட வழக்குக்கு நீங்கள் பதில் சொல்ல நேரிடும்; 2024ஆம் ஆண்டின் நிகழ்நிலைக் காப்புச் சட்டமும் இப்போது நடைமுறையில் இருக்கிறது. முறைப்பாடு செய்யுங்கள், அயலிலுள்ள பெண்களிடம் நேரில் எச்சரித்துச் சொல்லுங்கள்.

மூன்றாவது, “நம்ம ஆளாகப் பார்த்துக் கூப்பிடு” என்ற மாமியின் சொல். தெரிந்த ஒருவரின் சிபாரிசு பயன் தரும், மறுக்கவில்லை. ஆனால் என்னிடம் வரும் இத்தகைய விடயங்களில் தெரிந்தவர்களும் உறவினர்களும் இருக்கிறார்கள். அவர்கள் மீது முறைப்பாடு செய்வது இன்னும் கடினமாகிறது, ஏனெனில் குடும்பமே குறுக்கே நிற்கிறது. மொழியோ ஊரோ ஒருவரின் நடத்தைக்கு உத்தரவாதம் ஆகாது. சான்றிதழும் அப்படியே: தேசிய தொழிற்தகைமைச் சான்றிதழ், என்.வி.கியூ என்று நாம் சொல்வது, 7 மட்டங்கள் கொண்டது. ஒருவருக்கு அந்தத் தொழிலில் திறமை உண்டு என்பதற்கு அது நல்ல ஆதாரம். மின் இணைப்பு வேலைக்கு அதைக் கேட்டே ஆக வேண்டும் என்பது என் கருத்து, ஏனெனில் அங்கு பிழைக்கு விலை உயிர். ஆனால் அது கைத்திறனைச் சொல்லுமே தவிர, குணத்தைச் சொல்லாது.

இனி ஒருவரை அழைக்கும்போது

ஒருவரின் முகத்தைப் பார்த்து நல்லவரா என்று கணிப்பதில் உங்கள் பாதுகாப்பை வைக்காதீர்கள்; அவர் வருவதற்கு முன் நீங்கள் செய்யும் ஏற்பாட்டில் வையுங்கள். சுவரில் ஒட்டிய கைபேசி இலக்கத்தை விட, டவுனில் கடை வைத்திருப்பவர் மேல். ஏதாவது நடந்தால் போய்க் கேட்க ஓர் இடம் இருக்கும். எடுத்துச் செல்லக்கூடிய பொருள் என்றால் கடைக்கே கொண்டு போங்கள். வீட்டுக்கு வரத்தான் வேண்டுமென்றால் காலை நேரத்தைச் சொல்லுங்கள். பிற்பகலில் மழையும் பனியும் இறங்கினால் நான்கு மணிக்கே இருட்டிவிடும், ஆள் போக வழியில்லாமல் உங்கள் வீட்டிலேயே தங்கி நிற்கும் நிலை வரும்.

வருபவரின் பெயர், கடை, வரும் நேரம் ஆகியவற்றை அயலவர் ஒருவருக்கு அனுப்பி வையுங்கள். அவர் அந்த நேரத்தில் ஒரு தடவை வந்து எட்டிப் பார்க்கட்டும். முன்கதவு திறந்தே இருக்கட்டும், நீங்கள் கதவுப் பக்கமாக நில்லுங்கள். வேலை நடக்கும் அறையைத் தவிர மற்ற அறைகளை முன்பே பூட்டிவிடுங்கள், மகள் பக்கத்து வீட்டில் இருக்கட்டும். பொருள் எதையும் எடுத்துச் செல்வதென்றால், என்ன பாகம், எவ்வளவு பணம், எப்போது திரும்பும் என்று ஒரு தாளில் எழுதி இருவரும் கையொப்பமிடுங்கள்; பாகத்தின் தொடரிலக்கத்தைப் படம் எடுங்கள். கணவர் எங்கே என்று கேட்டால் “வந்துவிடுவார்” என்ற ஒரு சொல் போதும்.

மின்சார சபையிலிருந்து வந்திருக்கிறோம் என்று யாராவது சொன்னால், வீட்டுக்குள் இருக்கும் பிளக்கும் வயரிங்கும் சபையின் வேலை அல்ல என்பதை நினைவில் வையுங்கள். மீற்றர் வரைக்கும்தான் அவர்களுடைய பொறுப்பு. சந்தேகம் வந்தால் ஆட்களை வெளியே நிறுத்திவிட்டு 1987க்கு அழைத்துக் கேளுங்கள்.

இவ்வளவு ஒழுங்கு கேட்டால் வருபவர் கோபிப்பாரே என்று எண்ண வேண்டாம். எங்கள் தோட்டங்களிலிருந்தே எத்தனையோ இளைஞர்கள் தொழில் படித்து, நேர்மையாகப் பிழைக்கிறார்கள். கணக்கை எழுதிக் கொடுப்பதும், அடையாள அட்டையைக் காட்டுவதும் அவர்களுக்கு எந்தக் குறையும் அல்ல. பின்னால் வரும் வீண் பழியிலிருந்து அவர்களைக் காப்பதும் அதுவே.

கணவரிடம் சொல்வது பற்றி

அவர் உங்களைத்தான் குறை சொல்வார் என்று பயந்து இன்னும் சொல்லவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். முறைப்பாடு செய்யுமுன் நீங்களே சொல்லிவிடுங்கள். வேறொருவர் வாயால், வேறொரு விதமாக அவர் காதுக்குப் போகக் கூடாது. செய்திகளின் ஸ்கிரீன்ஷொட்டுகளையும், நீங்கள் அனுப்பப் போகும் அந்த ஆறு வசனங்களையும் அவருக்குக் காட்டுங்கள். அவரிடம் ஒன்றை மட்டும் உறுதியாகக் கேட்டுக்கொள்ளுங்கள்: ஆத்திரத்தில் அந்த மனிதருக்குத் தொலைபேசியிலோ குரல்பதிவிலோ எந்த மிரட்டலும் அனுப்ப வேண்டாம். அந்தக் குரல்பதிவை எடுத்துக்கொண்டு அந்த மனிதரே பொலிசுக்கு முதலில் போனால், விளக்கம் சொல்லும் இடத்தில் நீங்கள் நிற்க வேண்டி வரும். அதற்குப் பதிலாக, வெள்ளிக்கிழமை கொம்பிரசரைப் பெற்றுக்கொள்ளப் போகும் உறவினர் யார் என்பதை உங்கள் கணவரே முடிவு செய்து, அந்த உறவினரோடு இன்னொருவரையும் அனுப்பி வைக்கட்டும்.